பொனெட்டுக்குள் மஞ்சள் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தன் புது எலெக்ட்ரிக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு எம்40 மோட்டர்வேயில் போனாள். சத்தமே இல்லை. ஒரு லொறியை முந்த ஒரே ஒரு மிதி... என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கால் தானாகவே தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இருக்கிறதா என்ன?

"அப்பா, ஆர் யூ ஸ்கேர்ட்?" என்றாள்.

மனம் இதே ரோட்டில் முப்பது வருடம் பின்னால் போய்விட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரெய்னர்ஸ் லேனில் வீடு. என் மனைவி வசந்திக்கு நகை ஆசை இல்லை, சேலை ஆசை இல்லை. கார் ஆசை – அதுவும் நீண்ட மூக்கும் மூன்று லிட்டர் எஞ்சினும் கொண்ட கப்ரி. யாரோ ஒருவரின் பின்வளவில் துருப்பிடித்துக் கிடந்த ஒன்றை இழுத்து வந்தாள்.

மாலை வகுப்புக்குப் போய் வெல்டிங் பழகினாள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டினாள். நான்? டோர்ச் பிடித்தேன். அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று ஏச்சு வாங்கினேன். கிழிந்த சீட்டுகளுக்கு என் அம்மா புது உறை தைத்தார்.

ஆனால் ஒன்று சொல்லிவிட்டார். "தைச்சுத் தாறன். அதில ஏறச் சொல்லி மட்டும் கேளாதேங்கோ."

ஏன் என்று எங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் போன அப்பா, வேகமாக வந்த கார் ஒன்று மோதித்தான் இறந்தார். அதற்குப் பிறகு அம்மா பஸ்ஸில்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். மருமகளோ வேகமாக ஓட்டுவதற்கென்றே ஒரு காரைத் திருத்துகிறாள். சண்டை எதுவும் இல்லை... ஆனால் எஞ்சின் உறுமினால் அம்மா சாமியறைக்குள் போய்விடுவார். மாமிக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று வசந்திக்குக் கவலை. ஒரு தடவையாவது அவரை ஏற்றிவிட வேண்டும் என்று ஏங்கினாள்.

கார் தயாரானது. சனிக்கிழமை விம்பிள்டன் கோயிலில் பூசை. நாலு சில்லுக்கும் அடியில் நசுக்கத் தேசிக்காய், கண்ணாடியில் சந்தனம். ஐயர் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மறுநாள் காலை எம்40-இல் முதல் நீண்ட ஓட்டத்துக்குப் புறப்பட்டோம்.

சாவியைத் திருப்பினால் ஒரு இருமல்... இன்னொரு இருமல்... அவ்வளவுதான். வசந்தியின் முகம் தொங்கிப்போனது. எத்தனை மாத உழைப்பு! பொனெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினாள். எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் இடம் அது, ஈரமே ஆகாது. உள்ளே மஞ்சளாகத் தண்ணீர்.

இருவரும் திரும்பினோம். வாசலில் அம்மா. கையில் வெறும் செம்பு.

"ஐயர் வெளியிலதானே தெளிச்சவர்," என்றார் மெதுவாக. "ஓடுறது உள்ளுக்கை இருக்கிற சாமான். அதுக்கு ஆர் தெளிக்கிறது?"

வசந்தி வெடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள், பிறகு கண் கலங்கினாள். தனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மாமி விடியவே எழும்பி ஒரு செம்புத் தண்ணீரை எஞ்சினில் ஊற்றியிருக்கிறாரே! ஹேர் ட்ரையரைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் காயவைத்தாள். எஞ்சின் உறுமியது.

"மாமி, உங்கட தண்ணியை நம்பித்தான் போறன்," என்றாள். "நீங்களும் நம்பினால் ஏறுங்கோ."

அம்மா ஒரு கணம் நின்றார். செம்பை என் கையில் திணித்துவிட்டு முன் சீட்டில் ஏறினார். நான் பின்னால் மடங்கி உட்கார்ந்தேன்.

எம்40 வந்ததும் வசந்தி மிதித்தாள். கப்ரி பாய்ந்தது. அம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆனால் கண்ணை மூடவில்லை.

"பயமா இருக்கோ மாமி?"

"பயம்தான் பிள்ளை. நீ ஓடு."

அந்தக் கார் இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. நம் வீடுகளில் 'ஐ லவ் யூ' எல்லாம் சொல்லிப் பழக்கமில்லையே... எஞ்சினுக்குள் தண்ணீர் ஊற்றத்தான் தெரியும்.

மகள் இன்னும் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"பயம்தான் பிள்ளை," என்றேன். "நீ ஓடு."