ரேடியோ ரூமும் கனி போட்ட கையெழுத்தும்

பூந்தமல்லியில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் போய் 'கனி மாவுக் கடை' எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'பாயம்மா கடை' என்று கேட்க வேண்டும். போர்டில் இருப்பது கணவர் உஸ்மான் கனியின் பேர். உள்ளே நான்கு கிரைண்டரோடு மல்லுக்கட்டுவது ஷம்ஷாத். இட்லி மாவு அரைப்பதும் அவள்தான், மாவு பொங்கவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவள்தான். "மாவ திட்டாத. வாங்கினு போனதும் ஃபிரிட்ஜுல வெச்சியா இல்லியா, அத சொல்லு மொதல்ல" என்பாள். வந்தவர்கள் வந்த வழியே போவார்கள்.

உஸ்மான் கனி வாயில்லாப் பூச்சி. மாவு பாக்கெட்டுகளை வண்டியில் கட்டிக்கொண்டு வேலப்பன்சாவடி, நூம்பல் என்று கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார். எதைச் சொன்னாலும் நம்புவார். பதினோரு வருடம் முன்னால் ஒருநாள் ஷம்ஷாத், "சுகர் எட்டிப் பாக்குதாம், டாக்டரு தெனம் நடக்கச் சொல்ட்டாரு" என்று அறிவித்துவிட்டு, மத்தியானம் ரெண்டு மணிக்குச் செருப்பை மாட்டினாள். மண்டை பிளக்கும் அந்த வெயிலில் எந்த டாக்டர் நடக்கச் சொல்வார் என்று வேறு எந்தப் புருஷனும் கேட்டிருப்பான். இவர் குடையை எடுத்து நீட்டினார்.

அவள் நடந்தது உண்மைதான். மொத்தம் இருநூறு தப்படி, ரேடியோ ரூம் வரைக்கும்.

ரேடியோ ரூமில் ரேடியோ கிடையாது. பஞ்சாயத்துக் காலத்தில் ஒன்று இருந்ததாம். அது செத்து முப்பது வருடமாகியும் பேர் மட்டும் சாகவில்லை. வாசலில் இருந்த பழைய போர்டின் மேல் எவனோ பூப்புனித நீராட்டு விழா போஸ்டரை ஒட்டி, அதன் மேல் எவனோ கண்ணீர் அஞ்சலி ஒட்டி, உள்ளே என்ன எழுதியிருந்தது என்று எந்த ஜீவனுக்கும் நினைவில்லை. ஒழுகுகிற கூரை, கால் ஒடிந்த பெஞ்சு, முனகுகிற ஃபேன், நடுவில் ஒரு கேரம் போர்டு. சாயங்காலம் ஆண்கள் பேப்பர் படிக்கிறேன் பேர்வழி என்று வந்து தூங்குவார்கள். மத்தியானத்தில் வாட்ச்மேன் கோவிந்தராஜ் மட்டும் இருப்பான்.

அவனுக்கு மாவு கொடுக்கத்தான் முதன்முதலில் அவள் அங்கே போனாள். கோவிந்தராஜ் தனியாக கேரம் ஆடி, தன்னிடமே தோற்றுக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்காமல் ஸ்ட்ரைக்கரைப் பிடுங்கி ஒரு சுண்டு சுண்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று அண்ணன்களையும் அழவைத்த விரல் அது. அத்தனை வருடம் உளுந்தில் ஊறியும் அந்த விரல் எதையும் மறந்திருக்கவில்லை.

"ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடாம ஆடக்கூடாதுக்கா" என்றான் கோவிந்தராஜ். பிறகு தலையைச் சொறிந்தான். "ஆனா ரூல்ல ஆம்பள மெம்பருதான் கீது. பாய் பேர போட்டுடேன். எவன் பாக்கப் போறான்?"

பாய் பேரைப் போட்டாள். அ. உஸ்மான் கனி. அன்று முதல் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அவள் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, ஷார்ஜாவில் இருக்கும் காலித்துக்கு அம்மா இல்லை, எவர் வீட்டு இட்லிக்கும் பொறுப்பில்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த ரெண்டு மணி நேரம்தான். அதை விட்டுக்கொடு என்றால் கிரைண்டர் நான்கையும் விட்டுக்கொடுத்திருப்பாள்.

இப்படி இருக்கையில் ஈபி பெட்டியில் நகராட்சி நோட்டீஸ் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். 'சர்வே எண் 214/3பி-யில் அமைந்துள்ள மனமகிழ் மன்றத்தைப் புனரமைத்தல் தொடர்பான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.' நாள், நேரம், சமுதாயக் கூடம்.

மனமகிழ் மன்றம் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெளியே கௌரவமான போர்டு, உள்ளே பாட்டில். யார் மனம் மகிழ்கிறது, யார் வயிறு எரிகிறது என்று பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"பஸ் ஸ்டாண்டு குத்தம்பாக்கத்துக்குப் போவுது. நமக்கு மட்டும் பாரு வருது" என்றாள் பக்கத்துப் பூக்கடை நாகம்மா. "அதுவும் பள்ளிவாசல் கிட்ட, ஸ்கூல் கிட்ட. எங்க கீதுனே தெரில, அதுக்குள்ள புதுப்பிக்கிறானுங்களாம்."

ஷம்ஷாத் மாவுக் கையைத் துடைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். 'எங்களுக்கு மனமகிழ் மன்றம் வேண்டவே வேண்டாம். அதை இழுத்து மூட வேண்டும்' என்று தலைப்பில் எழுதி, முதல் கையெழுத்தைத் தானே போட்டாள். ஒரு வாரம் மாவு வாங்க வந்த எவரும் கையெழுத்துப் போடாமல் பாக்கெட்டை வாங்க முடியவில்லை. நூற்று நாற்பத்து மூன்று பேர். உஸ்மான் கனி ரெண்டாவது. ஜமாத் செயலாளர் யூசுப் பாய் பச்சை மையில் போட்டார். முப்பத்தேழாவதாகப் போட்டவன் கோவிந்தராஜ். "குடிகாரப் பசங்க தொல்ல தாங்காதுக்கா" என்றவன், "நம்ம ரிஜிஸ்டர ஆபீசுல வாங்கினு போய்ட்டாங்க, இன்னாத்துக்கோ. இன்னைக்கி சும்மாவே ஆடு" என்றான். அவன் காவல் காக்கும் கட்டடத்தின் பேர் அவனுக்கே தெரியாது என்பதை ஆண்டவன் மேலிருந்து பார்த்துச் சிரித்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமுதாயக் கூடம் நிரம்பி வழிந்தது. உதவிப் பொறியாளர் ஷோபனா, சின்னப் பெண், மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். கருத்துக் கேட்பு என்றால் நாலு பேர் வந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்து வந்தவள், கூட்டத்தைப் பார்த்து மிரண்டு போயிருந்தாள்.

ஷம்ஷாத் மைக்கை வாங்கினாள். வாங்கியதை எளிதில் கொடுக்கவில்லை. குடும்பம் அழிந்தது, தாலி அறுந்தது, படிக்கிற பிள்ளைகள் கெட்டது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். "மூடு அத. மூடாம நாங்க எந்திரிக்க மாட்டோம்" என்று முடித்து, மனுவை ஷோபனாவின் கையில் திணித்தாள். கைதட்டல் ஓயவே இல்லை. ஆண்கள் வரிசையில் உஸ்மான் கனி எழுந்து நின்று தட்டினார். ஷோபனா சீல் குத்தி, நம்பர் போட்டு, வரவு வைத்துக்கொண்டாள்.

"சரிம்மா. நீங்க இவ்வளவு தெளிவா எழுதிக் கொடுத்துட்டீங்க. இடிச்சிடலாம், குப்பை வண்டி நிறுத்த எடம் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள் ஷோபனா. "புழக்கமும் பெருசா இல்ல. பதிவேட்டப் பார்த்தேன். பதினோரு வருஷமா மத்தியான நேரத்துல மனமகிழ் மன்றத்துக்கு ஒருநாள் விடாம வந்தவர் ஒரே ஒருத்தர்தான்." பக்கத்தைப் புரட்டினாள். "அ. உஸ்மான் கனி. வந்திருக்காரா?"

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"பாயா?" என்றாள் நாகம்மா. "பட்டப்பகல்லயா?"

ஷம்ஷாத்துக்கு ரத்தம் கொதித்தது. அடப்பாவி மனுஷா, மாவு போடப் போறேன் மாவு போடப் போறேன் என்று இதற்குத்தான் போனாயா? இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருந்தேனே. சரியாக ரெண்டு நொடி அவரை மனதுக்குள் கிழித்துத் தோரணம் கட்டினாள். மூன்றாவது நொடியில் ஷோபனா கையிலிருந்த ரிஜிஸ்டர் கண்ணில் பட்டது. நீல அட்டை. மூலையில் காய்ந்த மாவுக் கறை. அவள் கறை.

ரேடியோ ரூம்தான் மனமகிழ் மன்றம். மனு முழுக்க அவள் கையெழுத்து. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் நூற்று நாற்பத்து இரண்டு பேரைக் கூட்டிவந்து போடச் சொல்லியிருக்கிறாள். சுவர் ஓரம் நின்ற கோவிந்தராஜைப் பார்த்தாள். அவன் அதே கணக்கைப் போட்டு முடித்து, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உஸ்மான் கனியை முன்னால் கூப்பிட்டார்கள். "இது உங்க கையெழுத்துதானே?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு பக்கம் பார்த்தார், புரட்டி இன்னொரு பக்கம் பார்த்தார். 'னி'யின் சுழியைக் கூரை வரை இழுத்துவிடுகிற ஷம்ஷாத்தின் எழுத்தை மாவு பாக்கெட்டில் இருபது வருடமாக அவர் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தார். ஷம்ஷாத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாம்மா" என்றார். "நான்தான்."

"இன்னா பாய் இது" என்றார் யூசுப் பாய், காதில் விழக்கூடாதது விழுந்தவர்போல. பின் வரிசையில் ஒருவன் சிரித்தான். ஐந்து வேளையும் முதல் வரிசையில் தொழுகிற மனிதர், பீடிப் புகை வந்தாலே மூக்கைப் பொத்துகிறவர், அத்தனை பேர் நடுவில் குடிகாரனாக நின்றார்.

ஷம்ஷாத்துக்கு வெட்கமாக இருந்தது, பாவமாக இருந்தது. அதற்கும் அடியில், சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், கடுங்கோபம் வந்தது. பதினோரு வருட ஆட்டம். ஒரே ஸ்ட்ரைக்கில் அவள் போட்ட ரெட்டும் ஃபாலோவும் எத்தனை. ஒரு காயினைத் தொட்டறியாத இந்த மனுஷன், 'நான்தான்' என்று ஒரே வார்த்தையில் எழுதி வாங்கிக்கொண்டு போவதா?

எழுந்தாள். "அவரு இல்ல மேடம். நான்தான்."

"அவர் ஒத்துக்கிட்டாரேம்மா."

"அவரு எத வேணா ஒத்துக்குவாரு. இப்ப பாருங்க." கணவரைப் பார்த்துக் கேட்டாள்: "காலித் அத்தா, ரெட்டு உழுந்தா இன்னா பண்ணணும்?"

உஸ்மான் கனி நன்றாக யோசித்தார். "நிக்கணும்" என்றார். "பச்ச உழுந்தாதான் போவணும்."

ரெட்டுக்கு ஃபாலோ போட வேண்டும் என்று தெரிந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஷோபனா கூட ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் ஷம்ஷாத் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மனமகிழ் மன்றம் என்பது நம்ம ரேடியோ ரூம். அங்கே பாட்டில் கிடையாது, கேரம் போர்டுதான் கிடக்கிறது. வாக்கிங் பொய். சுகரும் பொய்.

"ஆம்பள பேருலதான் ஆட முடியும்னாங்க, இவரு பேர்ல ஆடுனேன். தப்புதான். அதுக்காக அந்த ரூம இடிச்சிராதீங்க மேடம். எனக்குனு கீறது அது ஒண்ணுதான்." இவ்வளவு சின்னக் குரல் அவளுக்கு உண்டு என்று அன்றுதான் தெருவுக்குத் தெரிந்தது.

ஷோபனா மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்பர் போட்டாச்சேம்மா. வாபஸ் வாங்கணும்னா நூத்தி நாப்பத்தி மூணு பேரும் தனித்தனியா எழுதிக் கொடுக்கணும்."

"வாபஸ் எதுக்கு?" என்று நாகம்மா எழுந்தாள். "நாங்க மனமகிழ் மன்றம்தான் வேணாம்னோம். ரேடியோ ரூம வேணாம்னு எவ சொன்னா?"

ஷோபனா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, எழுதியதைப் படித்தும் காட்டினாள். 'மனமகிழ் மன்றம் என்ற பெயரைப் பொதுமக்கள் ஒருமனதாக எதிர்த்தனர். கட்டடத்தை ரேடியோ ரூம் என்ற பெயரில் புனரமைக்கவும், பெண்களையும் உறுப்பினராகச் சேர்க்கவும், பெண்களுக்குக் கழிப்பறை கட்டவும் கோரினர்.' கழிப்பறையை யாரும் கோரவில்லை. அதை அவளே சேர்த்துக்கொண்டாள். யூசுப் பாய் பச்சை மையில் முதல் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது ரெண்டு பேரும் வண்டியில் ஏறவில்லை. உஸ்மான் கனி தள்ளிக்கொண்டு வந்தார், அவள் கூட நடந்தாள்.

"நான் அங்க இன்னா பண்றேன்னு நெனச்சி நான்தான்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"தெரில" என்றார். "இன்னாவா இருந்தா இன்னா. என் பேர்ல தான கீது."

கூடத்தில் ரெண்டு நொடி அவரைப் பற்றி நினைத்ததை எண்ணி ஷம்ஷாத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வண்டியின் பின்பக்கத்தில் கை வைத்துத் தள்ளிக்கொடுத்தாள். கடை வாசல் வந்தது. அவர் ஸ்டாண்டு போட்டார், பூட்டைத் திறக்கவில்லை, சாவியைக் கையிலேயே உருட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் ஷம்சு, பதினோரு வருசமா என் பேர்ல ஆடுனியே" என்றார். "ஒருநாளாச்சும் நான் ஜெயிச்சனா?"

"தெனமும்" என்றாள் ஷம்ஷாத்.