பச்சைப் பேணி

சுதர்சனா முற்றத்தில் மணல் சலித்துக்கொண்டிருக்கிறாள். கடற்கரை மணலில் சிப்பி ஓடு கிடக்கும். போத்தல் வாயில் அடைத்துக்கொள்ளும். சலித்ததை வெயிலில் காயவைத்து, தண்ணீர்ப் போத்தலுக்குள் ஊற்றி, குலுக்கி, மேலும் ஊற்றுகிறாள். பிறகு கணவன் மீன் நிறுக்கும் தராசின் கொளுக்கியில் அதைத் தொங்கவிடுகிறாள். அரைக் கிலோ காட்டுகிறது. "ஈர மணலெண்டா நாளைக்கு வேற பாரம் காட்டும்கா" என்கிறாள் என்னிடம்.

பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரையும் சொல்லப்போவதில்லை, வாகரைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குவைத்தில் ஒரு வீட்டில் ஜன்னல் துடைக்கும்போது விழுந்து வலது முழங்கையை முறித்துக்கொண்டாள். வீட்டு மெடம் வலிக்குப் பனடோல் கொடுத்துச் சீலையால் கட்டிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது கை பானைபோல வீங்கிவிட்டிருந்தது. எலும்பு கோணலாகப் பொருந்தியது. வேலைக்கு உதவாது என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பூசாத சுவர்களும், ஜன்னல் இடங்களில் தறப்பாளுமாக, அவள் உழைப்பில் பாதி எழும்பிய வீட்டுக்குத்தான் வந்து இறங்கினாள்.

இங்கே ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மிஸ், சின்ன எடைக்கட்டை வாங்கித் தூக்கச் சொன்னாராம். வாங்க வழியில்லை. போத்தலில் மணல் நிரப்பினால் போதுமா என்று இவள் கேட்டிருக்கிறாள். அப்படித்தான் தொடங்கியது. அரைக் கிலோவுக்குத் தண்ணீர்ப் போத்தல், அதற்கு மேல் தேங்காயெண்ணெய்ப் போத்தல். கைப்பிடி இல்லாததற்குப் பழைய வலைக் கயிற்றால் வளையம்.

கணவன் கிரிசாந்த் கடலுக்குப் போகிறவன். அதிகம் பேசமாட்டான். ஒரு நாள் பெரிய பால்மாத் தகரப் பேணியில் சீமெந்து குழைத்து ஊற்றி, நடுவில் கம்பி வளைத்துப் பிடி வைத்து, படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ரும் பூசிக்கொண்டு வந்து கொடுத்தான். கலியாணம் கட்டிப் பதினாறு வருடத்தில் அவன் தன் கையால் இவளுக்கென்று செய்த முதல் பொருள் அது. அன்றைக்கு அழுதுவிட்டதாகச் சொன்னாள். மாலையில் எண்ணெய் சூடாக்கி முழங்கையைத் தேய்த்தும் விடுவான்.

பிறகு ஒரு காலை, அவன் வேலியோரம் நின்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு போனில் பேசியது இவள் காதில் விழுந்தது. இன்னும் கொஞ்ச நாளில் கை சரியாகிவிடும், மெடிக்கல் சோதனையில் குறை தெரியாது, இந்தமுறை சவூதி என்றாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். இவளிடம் அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரையும் கேட்கவில்லை.

"பொறகும் எண்ண தேச்சு உட்டவர்தான்," என்றாள். "மாடு வாங்க வந்தவன் அமத்திப் பாக்கிற மாதிரி இருந்திச்சு."

அன்றிலிருந்து அவன் முன்னால் அரைக் கிலோப் போத்தலைத் தூக்கவே வலிப்பதுபோல முகம் சுளிக்கிறாள். பேணியைத் தொட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். அவன் தோணி கரையை விட்டுப் போனபின் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அதே பேணியைத் தோள்வரை தூக்குகிறாள். மகள் நிருஷாவுக்கும் தெரியாது. கை நன்றாக வந்தால் பின்னல் போட்டுவிடுவதாக அவளிடம் சொல்லியிருந்தாள். இன்னும் அந்தப் பிள்ளை தானே வாரிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறது.

அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் பயிற்சியையே விட்டுவிடலாமே என்று கேட்டேன்.

"இது எண்ட கைதானேகா," என்றாள். "எனக்கு வேணும்."

தேத்தண்ணீர் குடிக்கச் சொன்னாள். அடுப்படியில் உட்கார்ந்தபடியே கேத்தலை வலக்கையால் தூக்கி, சிந்தாமல் கோப்பையில் ஊற்றத் தொடங்கினாள். முழங்கை நடுங்கவில்லை. வெளியே வேலிப் படலை திறக்கும் சத்தம் கேட்டது. இருமிக்கொண்டு கிரிசாந்த் வந்தான். சுதர்சனா நிமிர்ந்து பார்க்கவில்லை. கேத்தலை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை மடியில் போட்டுக்கொண்டு, மீதியை ஊற்றினாள்.