செவ்வாய்க்கிழமைச் சோறு

பிள்ளைகளா, நம் வீட்டு நிலைக்கண்ணாடி மேல் அப்போதெல்லாம் ஏன் துண்டு கிடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

சின்னவன் பிறந்த மறு வருஷம் உங்கள் அம்மாவுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் வந்தது, தலையணையில் கிடந்தது. குளிக்கிற இடத்தில் அடைத்துக்கொண்டு தண்ணீர் போகாமல் நிற்கும். அவள் பார்ப்பதற்குள் நான் குச்சியால் இழுத்து எறிந்துவிடுவேன்.

போர்வெல் தண்ணீர் உப்பு, அதனால்தான் என்றார்கள். குளிக்கவும் லாரித் தண்ணீர் வாங்கினோம். ஷாம்பு ஆகாது என்றார்கள், சீயக்காய்க்கு மாறினாள். திருப்பத்தூர்ச் சந்தையில் கரிசலாங்கண்ணி வாங்கிவந்து நானே எண்ணெய் காய்ச்சினேன். எதற்கும் கொட்டுவது நிற்கவில்லை.

ஒரு கல்யாண வீட்டில் பூ வைத்துவிட வந்த சொந்தக்காரப் பெண் அம்மாவின் சடையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "என்ன ஆத்தா, எலிவாலாப் போச்சு? இதுல எங்குட்டுப் பூ வைக்கிறது?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பந்தியில் உட்காராமலே வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்றைக்குப் போட்ட துண்டுதான் அது.

முடி கொட்டுவது நிற்கும்வரை செவ்வாய்க்கிழமைதோறும் வெறும் பச்சைத் தண்ணீரோடு விரதம் இருப்பதாக நாட்டரசன்கோட்டை அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நிற்கவில்லை. வெள்ளிக்கிழமையையும் சேர்த்தாள். பிறகு கறி, மீன், முட்டையை விட்டாள். முடி கொட்டக் கொட்ட விரதம் கூடிக்கொண்டே போனது. குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. நகமெல்லாம் வெளுத்தது. சாமி சோதிக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை குழாயடியில் மயங்கி விழுந்தாள். காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்:

"பொம்பளைகளுக்கு முடி கொட்ட ஒரு காரணமா இருக்கு? பிரசவம், தைராய்டு, கடுங்காய்ச்சல், சில மாத்திரை, பரம்பரை, மனக்கவலைன்னு எவ்வளவோ. உங்களுக்கு ரத்தமே இல்லையேம்மா. மாசாமாசம் அதிகமாப் போகுதா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கே தெரியாது.

"உடம்புக்கே பத்தல, முடிக்கு எங்கருந்து வரும்? பட்டினி கிடந்தா இன்னும் கொட்டும். மாத்திரையப் போட்டு, நல்லாச் சாப்பிடுங்க. உடனே நிக்காது, மாசக்கணக்கா ஆகும்."

பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இப்பச் சாப்பிட்டா நேர்ந்ததை முறிச்சதா ஆயிராதா? புள்ளைகளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"குத்தம் எதுனாலும் என் தலையில வரட்டும்."

"ஒங்க தலையே பாதி வழுக்கை. அது எதைத் தாங்கும்?" என்றாள். சிரிக்கிறாள் என்று திரும்பினால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் முருங்கைக்கீரையும் முட்டையும் வைத்துச் சோறு போட்டேன். நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தீர்கள். அவள் நாட்டரசன்கோட்டைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். சோற்றைப் பிசைந்தாள். குனிந்தபோது தட்டில் ஒரு முடி விழுந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் சாப்பிட்டாள்.