விளக்கு எரியட்டும், நன்றி சொல்லலாம்

ஒத்தக்கடை ஜெராக்ஸ் கடையில் மனு அடித்துத் தரும் அந்த அம்மாவுக்கு மூக்கு நுனியில் கண்ணாடி, காதிடுக்கில் பேனா. எங்கள் தெருவிளக்கு எரியாததைப் பற்றி நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தவர், நான் "தேங்க்கிங் யூ" என்றதும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எதுக்குண்ணே நன்றி? லைட்டு எரியுதா?"

"எல்லாரும் கடைசியில போடுறதுதானேம்மா?"

"முன்னாடியே நன்றி சொல்லிட்டா, வேலை முடிஞ்சுபோச்சுன்னு ஃபைலை மூடிருவாக. எரியட்டும், வாங்க. தேங்க்கிங் யூவைத் தனியா அடிச்சுத் தாரேன்."

நன்றியில்லாமலேயே மனு போனது. தினமும் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கடைக்குள்ளிருந்து 'எரியுதா?' என்று புருவத்தாலேயே கேட்கிறார். நான் உதட்டைப் பிதுக்குகிறேன். விளக்கு எரிவதைவிட, அந்த ஒரு வரியை அவர் அடித்து நீட்டுவதைப் பார்க்கத்தான் இப்போது எனக்கு ஆசை.