ஜமால் நிறுத்திய சத்தங்கள்

மேல்மலையனூர் அமாவாசைப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது ஜமாலின் மைத்துனர் போன் செய்தார். கூட்ட இரைச்சலில் "மச்சான் பூட்டாரு" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. வழியிலேயே இறங்கி, ஓர் ஆட்டோவை மறித்துச் செஞ்சிக்குத் திரும்பினேன். அடக்கத்துக்கு வந்திருந்த நண்பர்களே, நீங்கள் என்னை அங்கே பார்த்திருப்பீர்கள். மறுநாள் ஒரு நாளிதழ் ‘பேய்ப்பட இயக்குநர் மரணம்’ என்று எழுதியது. அவர் எடுத்தது ஒரே படம். அதில் பேய் கிடையாது. எழுதியவர் படத்தைப் பார்க்கவில்லை.

எங்களைச் சேர்த்து வைத்தது புத்தகம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவலூர்பேட்டைப் பழைய பேப்பர் கடைகளுக்கு எடைக்கு வந்த மாந்திரீக நூல்களை வாங்கி, நானே எழுத்துக்கூட்டிப் படித்தவன். ஆய்வு என்று சொல்லிப் பேராசிரியர்கள் வாங்கிப்போன நூல்கள் இன்றுவரை திரும்பவில்லை. அதனால் ஜமால் வந்தபோது, பார்க்கலாம், தொடக்கூடாது என்றேன். அந்த வளையல் கடை வீட்டுப் பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பிற்பகல்வரை பார்த்தார். பிறகு ஒரு நூலைக் காட்டி, "இது இன்னா நைனா, ஒட்டிக்கினு இருக்குது?" என்றார்.

அந்தக் கால அச்சகத்தில் தாளை மடித்துத் தைத்து அப்படியே விற்பார்கள், வாங்கியவர்தான் ஓரத்தைக் கத்தியால் பிரிக்க வேண்டும் என்று விளக்கினேன். மந்திர நூலை யார் பிரிக்கிறாரோ அவர் தலையில்தான் பலன் விழும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அதனால் அந்த நூல் தலைமுறைகள் கைமாறியும் பிரியாமலே வந்திருந்தது. "படிக்காமலே பயந்துட்டாங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பிறகு படமாயிற்று.

ஒரு பெண்ணிடம் அப்படியொரு நூல் வந்துசேர்கிறது. அவள் ஒவ்வொரு தாளாகப் பிரிக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு சத்தம் நின்றுபோகிறது. முதலில் கடிகாரம், பிறகு கிணற்று ராட்டினம், பிறகு அம்மாவின் இருமல். கதை அவ்வளவுதான், மெதுவாக நகரும். கத்தி பிடிக்க அந்த நடிகைக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். பெயர்ப் பட்டியலில் என் பெயரைப் பிழையாகப் போட்டார்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நம் ஊர்த் திரையரங்கில் ராட்டினம் ஓசையில்லாமல் சுற்றியதும் விசில் பறந்தது. "சவுண்டு வரல, ஆபரேட்டரு தூங்கறாரா?" என்று கத்தினார்கள். அவரும் பயந்துபோய்ப் படத்தை நிறுத்திவிட்டு ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். ஜமால் எழுந்து நின்றார். "வரலன்னு தெரிஞ்சிதில்ல? அதான் படம். போடுப்பா" என்றார். மறுபடி ஓடியது. அம்மா வாயைப் பொத்திக் குலுங்கினாள், இருமல் கேட்கவில்லை. எனக்கு முன்வரிசையில் விசிலடித்தவர் மெல்ல, "பாவம்பா" என்றார். அதன்பின் யாரும் கத்தவில்லை.

விநியோகஸ்தர் அந்த அமைதியைக் கேட்க வரவில்லை. படத்தைச் சுருக்கி, அமைதியான இடங்களில் இசை சேர்த்தால் வெளியூர்களில் ஓட்டலாம் என்றார். ஜமால் மறுத்துவிட்டு வளையல் கடையில் போய் உட்கார்ந்தார். திமிர் என்றார்கள். "காத்திருக்கத் தெரியாதவனுக்கு பயப்படவும் தெரியாது நைனா" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

இப்போது அதே ஆட்கள், அஞ்சலி என்று சொல்லி, அதே வெட்டோடும் இசையோடும் உடனே வெளியிடக் கேட்கிறார்கள். நம்மில் சிலரே, இப்படியாவது நாலு பேர் பார்க்கட்டும் என்று ஜமாலின் மனைவி நூர்ஜஹானிடம் சொல்லியிருக்கிறீர்கள். படம் அவர் பெயரில்தான் இருக்கிறது. கணவர் இறந்தபின் வெளியே வராமல் இத்தாவில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் நானும் போனேன். வாசல் திரைக்கு வெளியே நின்று, கூடாதம்மா என்றேன். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவரு செருப்ப கழட்டற சத்தம் இந்த வீட்ல நின்னுபோச்சிண்ணே. அந்த எடத்துல பாட்டு போட வுடுவனா?"

விஷயம் முடிந்தது. இத்தா முடிந்து அவர் வெளியே வந்த பிறகு, படம் இதே ஊரில் முழுதாகத் திரையிடப்படும். அவசரப்படுகிறவர்கள் வர வேண்டாம்.

பிடிவாதம் ஜமாலிடமிருந்து நான் பெற்றதல்ல, அது என்னிடம் ஏராளமாக இருந்தது. எதற்காகப் பிடிவாதம் பிடிக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். அதை வைத்துக்கொண்டுதான் அன்று ஆபரேட்டர் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். சத்தம் நிற்கும்போது யாரும் ஒயரைத் தொடக்கூடாது.