கூரை இல்லாத வீட்டின் விலாசம்

ஸம்றா உயர்தரப் பரீட்சை எழுதியது மூன்று முறை. முதல் முறை மூன்று பாடமும் சித்தி. ஆனால் அதோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் முப்பது எடுக்க வேண்டிய இடத்தில் இருபத்தேழு. அந்த மூன்று புள்ளி குறைந்ததால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை. இரண்டாம் முறை வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே. அதையெல்லாம் தோல்வியென்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பகலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, தனியாகப் படித்து, மூன்றாம் முறை இரண்டு 'ஏ'யும் ஒரு 'பி'யும் எடுத்தாளே! பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறைதான் எழுதலாம்; இனி இன்னொரு முறை கிடையாது.

நாவிதன்வெளி வயலில் வெள்ளாமை வெட்டு முடியட்டும், நானும் கூட வருவேன் என்று வாப்பா ஜவுபர் பிடித்த பிடியில் நாள் இழுபட்டு, விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாளே வந்துவிட்டது. ஊரில் இணைய வேலைகள் செய்து கொடுக்கும் அஸ்ஹருடைய கொமினிகேஷன் கடையில் காலையிலேயே போய் உட்கார்ந்து கணினியில் நிரப்பினார்கள். விலாசம் கேட்டபோது ஜவுபர் முந்திக்கொண்டு, மகளுக்கென்று கட்டும் வீட்டின் விலாசத்தைச் சொன்னார். பெண்பிள்ளைக்கு வீடில்லாமல் கலியாணப் பேச்சே எடுக்காத ஊர் அது. இரண்டு வருடமாகச் சுவர் எழுப்பி வைத்திருந்தார்.

பாடசாலை மூலமல்லாமல் தனியாகப் பரீட்சை எழுதியவள் என்பதால் கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழும் வேண்டியிருந்தது. இருவரும் கிராம சேவகர் மங்களேஸ்வரி மிஸ்ஸின் அலுவலகத்துக்குப் போனார்கள்.

"இந்த வீட்டில ஆரு காக்கா இருக்கிற?" என்று ஜவுபரை அண்ணன் முறை வைத்துக் கேட்டார் அவர்.

"அது என்ட மகள்ட வீடு மிஸ்."

"கூரை போட்டாச்சா?"

"மழைக்கு முன்ன போட்டுருவன்."

"வெறும் சுவருக்குள்ள உங்கட மகள் குடியிருக்கிறா எண்டு நான் எப்பிடிக் கையொப்பம் வைக்கிற? வாக்காளர் இடாப்பில அவவின்ட பேர் உங்கட வீட்டிலதானே இருக்கு. அந்த விலாசத்துக்கெண்டா இப்பவே எழுதித் தாறன்."

ஜவுபர் அசையவில்லை. "அப்பிடிப் போட்டா, புள்ளைக்கு வீடில்ல எண்டு ஆகிடுமே மிஸ்?"

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை. நான்கு மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும். ஸம்றாவுக்கு நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

"வாப்பா! இது கெம்பஸுக்குப் போற விண்ணப்பம். மாப்பிள வீட்டாருக்கா அனுப்புறம்?"

மங்களேஸ்வரி மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜவுபருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல், "சரி, எழுதுங்க மிஸ்" என்றார்.

மோட்டார் சைக்கிள் பறந்தது. கடையில் அஸ்ஹர் விலாசத்தைத் திருத்தி, சான்றிதழைப் படமெடுத்து ஏற்றினான். மூன்றேகால்.

"அழுத்தினா பிறகு மாத்த ஏலாது. நல்லாக் கேட்டுக்கங்க" என்று மேலிருந்து வாசித்தான். பெயர், விலாசம், பாடங்கள். "முதல் தெரிவு, பேராதனைப் பல்கலைக்கழகம்."

"என்னது, மலைநாட்டிலயா?" ஜவுபர் நிமிர்ந்தார். "பக்கத்தில இரிக்கிற ஒலுவில் கெம்பஸ் எங்க?"

"மூணாவது வாப்பா" என்றாள் ஸம்றா. "எனக்குப் பேராதனையிலதான் படிக்கணும்."

"ஒலுவில் எண்டா பின்னேரம் வீட்ட வந்து சோறு தின்னலாம்."

"சோறு அங்கயும் இரிக்கி வாப்பா."

அஸ்ஹரின் விரல் அப்படியே நின்றது. ஜவுபர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க நல்ல குளிராமே?"

"ஓம் வாப்பா."

"அப்ப சுவெட்டர் எடுக்கணும்" என்றார் அவர். "அழுத்து தம்பி, பிஸ்மி சொல்லி அழுத்து."