விசாகப்பட்டினத்துக் கடல் எந்தப் பக்கம்

ஊர்க்காவலனின் வேலையில் குறை சொல்லிவிட்டுத் திருத்தங்கலில் யாரும் நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட முடியாது. ஆஃப்செட் மிஷினில் இருபத்தேழு வருடம். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும், அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அச்சுப் புள்ளிகளைப் பார்க்கிற சின்ன லென்ஸ் இருக்கும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம், "மாப்பிள்ளை பேர்ல சிவப்பு விலகியிருக்கே, எங்கன அடிச்சீக?" என்று கேட்ட மனிதர். அதே கம்பெனியில் காலண்டரின் மேல் விளிம்புக்குத் தகரம் அடிக்கிற எனக்கு இந்தப் பெருமையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருக்கிறது. ஆனாலும் அவர் பீற்றிக்கொள்வதில் முக்கால்வாசி உண்மை என்பதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அவர் மனைவி மாரித்தாய், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிறார். காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடும். அதற்கு முன்னால் அடுப்படியில் நின்று டீ குடிக்கும் ஐந்து நிமிடம்தான் அவருக்கென்று உள்ள நேரம். எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் படம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஊர்க்காவலன் அடித்தது. அந்த வருடம் முடிந்து, மாதங்கள் இருந்த பகுதியைக் கத்தரித்த பிறகும் படத்தை எடுக்க மாரித்தாய் விடவில்லை.

மலை உச்சியில் ஒரு கம்பித் தடுப்பு, அதை ஒட்டி ஒரு பெண். அவளுக்குப் பின்னால், கீழே வலப்பக்கம் முழுக்கக் கடல், இடப்பக்கம் ஊர், நடுவில் வளைந்து போகிற ரோடு, கடைசியில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு மலை. ஓரத்தில் பொடி எழுத்தில் விசாகப்பட்டினம் என்று போட்டிருக்கும். அந்தப் பெண்ணின் முந்தானை வலது தோளில் கிடந்தது. "அங்கன அப்படித்தான் கட்டுவாக" என்று வேனில் வருகிற பெண்களுக்கெல்லாம் மாரித்தாய் பாடம் எடுத்து முடித்திருந்தார். அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண் நிற்கிற இடத்தில் தானும் நின்று ஒரு போட்டோ எடுக்க வேண்டும்.

கூட்டிப் போகிறேன் என்று ஊர்க்காவலன் சொல்லிப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. ஏமாற்ற வேண்டும் என்றில்லை. தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு விடுவார்கள், அப்போதுதான் எங்களுக்குக் காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கும். எங்களுக்கு வேலை ஓய்கிற மாசி பங்குனியில் அங்கே ஆர்டர் குவிந்து கிடக்கும். இருவருக்கும் சேர்ந்தாற்போல் நாலு நாள் கிடைக்கவே இல்லை.

போன தீபாவளிக்கு மறுநாள் மாரித்தாய் தட்டில் தோசையைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "மக கிட்ட டிக்கெட் போடச் சொல்லிட்டேன். ரெண்டு போடணுமா, ஒண்ணு போடணுமா, அதை மட்டும் சொல்லுங்க."

ஊர்க்காவலன் இரண்டு என்றார். சீசனில் ஆறு நாள் லீவு கேட்டதும் முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ராஜபாண்டியன் ஓட்டுவான் மொதலாளி. நான் பழக்குன கை, பிசகாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். விசாகப்பட்டினத்தில் நடந்ததைப் புருஷன் பெண்டாட்டி இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அவர் சொன்னதில் கொஞ்சம் கழித்து, மாரித்தாய் அக்கா சொன்னதில் கொஞ்சம் கூட்டி எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் ராஜபோகம். கடற்கரையில் கரையேற்றி வைத்திருக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நுழைந்து பார்த்தார்கள். "எம்புட்டுச் சின்ன வாசல், இத்தனை பேரை விடுதாகளே. எங்க கம்பெனின்னா ரூமுக்கு நாலு பேர்தான்" என்று மாரித்தாய் தலைகளை எண்ணினார். பாஷையும் தடுக்கவில்லை. அவரோடு வேலை பார்க்கும் லட்சுமிகாந்தம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அவரிடம் பிடித்த தெலுங்கை வைத்தே மாரித்தாய் கடைக்காரர்களிடம் பேரம் பேசினார். ஊர்க்காவலன் லென்ஸை எடுத்துக் கடையிலிருந்த படங்களையெல்லாம் பரிசோதித்து, ஒன்றும் தேறாது என்று தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ரயில். அன்று காலையில் மாரித்தாய் லாட்ஜிலேயே படத்துப் பெண்ணைப் போல முந்தானையை வலது தோளில் போட்டுக்கொண்டு, மடித்துக் கொண்டுவந்த காலண்டர் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஆட்டோக்காரர் பெயர் அப்பாராவ். படத்தைப் பார்த்ததும் கைலாசகிரி என்றார், நேராக அந்த மலைக்கு மேலேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

கம்பித் தடுப்பு இருந்தது. ரோடு வளைந்தது. ஆனால் கடல் இடப்பக்கம் இருந்தது.

"இது இல்ல. ஏமாத்துறான்" என்றார் ஊர்க்காவலன். அப்பாராவ் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக இதுதான், இதுதான் என்றார். இவர் கேட்கவில்லை. அங்கிருந்து ருஷிகொண்டா போனார்கள், இல்லை. ஊரின் அடுத்த கோடியில், கலங்கரை விளக்கம் இருக்கிற மலைக்குப் போனார்கள். அங்கே கடல் வலப்பக்கம்தான், ஆனால் நடுவில் துறைமுகமும் கப்பலும் நின்றன. அதுவும் இல்லை. வழி நெடுக ஊர்க்காவலன் அப்பாராவைத் திட்டிக்கொண்டே வந்தார். மணி இரண்டரை.

"மொத மலைக்கே போகச் சொல்லுதேன். கிடைக்காட்டிப் போகுது, அங்கன உக்காந்து சாப்பிட்டாவது வருவோம்" என்றார் மாரித்தாய். பன்னிரண்டு வருடம் ஆசைப்பட்டது கைக்கெட்டாமல் போகிறதே என்று அழுகை வந்ததாம், அடக்கிக்கொண்டாராம்.

மறுபடியும் கைலாசகிரி. மாரித்தாய் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போட்டோ எடுக்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் முந்தானை இடது தோளில். இவருக்கு மட்டும் வலது தோளில். ஊர்க்காவலன் மனைவியைப் பார்த்தார், அந்தப் பெண்களைப் பார்த்தார், படத்திலிருந்த பெண்ணைப் பார்த்தார். லென்ஸை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

அந்தக் காலத்தில் அச்சடிக்கிற பிளேட்டின் மேல் பிலிமை வைத்து அவரேதான் வெளிச்சம் காட்டுவார். கலருக்கு ஒன்றாக இருந்த படத்தின் நாலு பிலிமையும் முன்பின்னாகத் திருப்பி வைத்திருக்கிறார். நாலும் ஒன்றாகத் திரும்பியதால் கலர் பிசகவில்லை. ஊர்ப் பெயர் தனிப் பிலிம், அது நேராக விழுந்துவிட்டது. சிவகாசி வட்டாரத்தில் விசாகப்பட்டினத்தைப் பார்த்தவர் யார், கடல் எந்தப் பக்கம் என்று கேட்க?

ஊர் மாறிப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மாரித்தாய் நம்பியிருப்பார். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது என்று ஊர்க்காவலனே என்னிடம் சொன்னார். ஆனால் படத்தைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தம் முகத்தைப் பார்க்க, வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"மாரி, இங்கன வந்து பாரு."

மெல்லிய தாள். வெயிலில் படம் பின்பக்கமாகத் தெரிந்தது. கடல் இடப்பக்கம், ஊர் வலப்பக்கம், ரோடு அதே வளைவு, கடைசியில் அதே மூக்கு மலை. அந்தப் பெண்ணின் முந்தானை இடது தோளில். மாரித்தாய் நின்றுகொண்டிருந்த அதே கம்பியைத்தான் அவளும் பிடித்திருந்தாள்.

"ஊரு சரியாத்தான் இருக்கு. நான்தான் திருப்பி அடிச்சிட்டேன்" என்றார். இருபத்தேழு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் ஒப்புதல் அது.

மாரித்தாய் படத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு மரத்துக்குப் பின்னால் போய், முந்தானையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வந்தார்.

"அந்த ஆட்டோக்கார அண்ணன் கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"நீ தெலுங்குல சொல்லேன்."

"தப்பு உங்களுது. நெஞ்சுல கை வச்சா அவருக்கு விளங்கும்."

வைத்தார். அப்பாராவ் சிரித்துக்கொண்டே போனை வாங்கிப் படம் எடுத்தார். இறங்கும்போது ஊர்க்காவலன் மெதுவாகக் கேட்டார், "வேன்ல இதைச் சொல்லுவியா?"

"சொல்லாம? பன்னெண்டு வருசம் தப்பாப் பாத்தும் சரியான இடத்துல வந்து நின்னுட்டேன்ல. அதைச் சொல்லாம வேற எதைச் சொல்ல?"

இப்போது அந்தப் படம் அடுப்படிச் சுவரில் இல்லை. கிழக்கு ஜன்னல் கம்பியில், அச்சடித்த பக்கம் தெருவைப் பார்க்க, ஊர்க்காவலன் தம் கையாலேயே கட்டியிருக்கிறார். காலையில் முதல் வெயில் பட்டதும் உள்ளே நின்று டீ குடிக்கிற மாரித்தாய்க்குக் கடல் இடப்பக்கம் தெரிகிறது. தெருவில் போகிறவர்களுக்கு இன்னும் வலப்பக்கம்தான். யாராவது நின்று பார்த்தால் ஊர்க்காவலன் வெளியே வந்துவிடுகிறார்.

"திருப்பி அடிச்சது நான்தான்" என்கிறார். பிறகு சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து நீட்டுகிறார். "ஆனா கலரு எங்கனயாச்சும் விலகியிருக்கா, பாருங்க."